மே மாதம் கேட்ட தண்ணீர்

சுத்தம் செய்வதில் இரண்டு வகை உண்டு. வேண்டாததை எடுத்து வெளியே போடுவது ஒரு வகை. எல்லாவற்றையும் வெளியே எடுத்து, தட்டித் துடைத்து, ஒன்று விடாமல் பழையபடி அடுக்கி வைப்பது இன்னொரு வகை. எங்கள் வீட்டில் இரண்டாவதுதான் வழக்கம். அம்மா பரணைச் சுத்தம் செய்தால், கைப்பிடி இல்லாத வாணலி, மூடி தொலைந்த தூக்கு, ஒற்றைச் செருப்பு எல்லாம் கீழே இறங்கி, குளித்து, காற்று வாங்கி, சாயங்காலம் மறுபடி பரணேறிவிடும். (அந்த ஒற்றைச் செருப்பு யாருடையது என்று எங்களில் ஒருவருக்கும் தெரியாது.)

இப்படி வளர்ந்த ஒருவனிடம் கம்ப்யூட்டரைச் சுத்தம் செய்யச் சொன்னார்கள். அதில் தப்பு யார் மேல் என்று எனக்கு இன்றுவரை குழப்பம்தான்.

வருடம் 1991. ஸ்ரீபெரும்புதூரிலிருந்து குன்றத்தூர் போகிற பக்கத்தில் இரும்புத் தகடுகளை அழுத்தி வாகன உதிரி பாகம் செய்கிற கம்பெனி ஒன்றில் நான் கம்ப்யூட்டர் ஆபரேட்டர். சொந்த ஊர் மண்ணூர். சைக்கிளில் போய் வருவேன். எங்கள் ஊரில் அதுவரை யாரும் கம்ப்யூட்டரைப் பார்த்ததில்லை என்பதால் என்னைப் பற்றி உயர்வான அபிப்பிராயம் நிலவியது. ஒரு தடவை பக்கத்து வீட்டுக்காரர் தன் பெண்ணுக்கு ஜாதகம் பார்க்கச் சொல்லி என்னிடம் கொடுத்தார். வாங்கி வைத்துக்கொண்டேன். அந்த வயதில் எனக்கு எதையும் தெரியாது என்று சொல்லத் தெரியாது.

ஆறு மாதத் தகுதிகாண் காலம் அக்டோபரோடு முடிகிறது. அதற்குப் பிறகு வேலை நிரந்தரம். அந்த நிரந்தரத்தை நம்பி ஒரு கல்யாணமே காத்துக்கொண்டிருந்தது.

அதை முதலில் சொல்லிவிடுகிறேன். அந்தக் கோடையில் கம்பெனி போர் வற்றிப்போய், குன்றத்தூர் ஏகாம்பரம் என்பவருடைய லாரிகள்தான் எங்களுக்குத் தண்ணீர் கொண்டுவந்தன. மூன்று டேங்கர் லாரிகளுக்குச் சொந்தக்காரர். வெள்ளை வேட்டி, தோளில் துண்டு, எப்போதும் முதல் லாரியில் டிரைவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து வருவார். தண்ணீர் இறங்குகிற நேரத்தில் கம்ப்யூட்டர் அறைக் கண்ணாடி வழியாக என்னை அவர் பார்த்திருக்கிறார். வெளியே கத்திரி வெயிலில் ஊரே உருகிக்கொண்டிருக்க, நான் ஏசியில் முழுக்கைச் சட்டையோடு உட்கார்ந்திருந்தேன். மனிதர் அதிலேயே விழுந்துவிட்டார். தன் மகள் வசந்தாவுக்கு என்னைக் கேட்டு எங்கள் வீட்டுக்கு ஆள் அனுப்பினார். பெண் பார்த்தாயிற்று, பிடித்துவிட்டது. (எனக்கு. அவளுக்குப் பிடித்ததா என்பதை இன்னும் விசாரித்துக்கொண்டிருக்கிறேன்.) ஒரே ஒரு நிபந்தனை. வேலை பர்மனென்ட் ஆகட்டும், அப்புறம் தட்டு மாற்றலாம் என்று சொல்லிவிட்டார்.

இனி கம்ப்யூட்டருக்கு வருகிறேன். அப்போதெல்லாம் மெயில் என்பது நினைத்த நேரத்தில் போகிற சமாசாரம் அல்ல. அன்றைக்கு எழுதியதெல்லாம் மெஷினுக்குள் ஓர் இடத்தில் வரிசையாகக் காத்திருக்கும். அதற்குப் பெயர் கியூ. சாயங்காலம் ஆறு மணிக்கு மோடம் என்கிற சின்னப் பெட்டி கிறீச்சிட்டுக்கொண்டே மெட்ராஸ் தலைமை அலுவலகத்துக்கு டயல் செய்யும். லைன் கிடைத்தால் எல்லாம் போய்ச் சேரும், கிடைக்காவிட்டால் மறுநாள். மூன்று நாளைக்கு மேல் பழசானதை மோடம் தொடக்கூடாது என்று, இந்த ஏற்பாட்டைச் செய்துகொடுத்த ராகவன் சார் மெஷினுக்குச் சொல்லி வைத்திருந்தார். அவர் தலைமை அலுவலகத்தில் கம்ப்யூட்டர் பிரிவின் தலைவர்.

அந்தக் கோடையில் எங்கள் டெலிபோன் லைன் வாரக்கணக்கில் செத்துக் கிடந்தது. எங்கள் மேனேஜர் சாமுவேல் சார் அப்போது எழுதிய மெஸேஜ் எல்லாம் மூன்று நாள் தாண்டி, போக வழியில்லாமல் கியூவிலேயே படுத்துவிட்டது. அவசரமான விஷயங்களை மட்டும் அவர் ஆள் மூலம் பஸ்ஸில் சொல்லி அனுப்பினார். லைன் சரியான பிறகு படுத்துக் கிடந்ததை யாரும் நினைக்கவில்லை.

அக்டோபரில் டிஸ்க் ஏறக்குறைய நிரம்பிவிட்டது. ஆயுத பூஜைக்கு முந்தின நாள் ராகவன் சார் போனில் கூப்பிட்டு, கியூவில் இருக்கிற பழைய ஃபைல்களை அழிக்கச் சொன்னார். மனிதர் நிதானமானவர், பத்திரமாகச் செய்யும் முறையையும் விளக்கினார். முதலில் எல்லாவற்றையும் வேறு இடத்தில் காப்பி எடுத்து வை, பிறகு கியூவுக்குப் போய் தேதி பார், மூன்று நாளுக்கு முந்தியதை மட்டும் அழி, வேலை முடிந்து ஒரு தரம் சரிபார்க்கிற வரை மோடத்தை அணைத்து வை என்றார். நான் ஒவ்வொன்றுக்கும் சரி சார் சொன்னேன்.

போனை வைத்துவிட்டு வெளியே பார்த்தால் கம்பெனி முழுக்க ஆயுத பூஜை வேலை. தகடு அழுத்துகிற பிரஸ்களை மண்ணெண்ணெய் போட்டுத் துடைக்கிறார்கள். ஸ்பேனர், சுத்தியல் எல்லாம் பெட்டியிலிருந்து வெளியே வந்து, குளித்து, எண்ணெய் பூசிக்கொண்டு திரும்பப் பெட்டிக்குள் போகின்றன. சாமுவேல் சார் கிறிஸ்தவர், ஆனால் ஆயுத பூஜைக்கு அவரை மாதிரி மும்முரமான ஆளை நான் பார்த்ததில்லை. கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு மூலை முடுக்கெல்லாம் விரலால் தடவித் தூசி பார்த்துக்கொண்டு வந்தார். எனக்கும் அந்த வேகம் தொற்றிக்கொண்டது.

காப்பி எடுத்தேன். இதுவரை சரி. அதற்கப்புறம் என் பரண் புத்தி வந்துவிட்டது. கியூவில் இருந்த அத்தனையையும் ஒரே கட்டளையில் அழித்தேன். திரையில் காலி இடம். அந்த வெறுமையைப் பார்த்தபோது எனக்குக் கிடைத்த ஆனந்தம் கொஞ்சநஞ்சமல்ல. பிறகு காப்பியிலிருந்து எல்லாவற்றையும் திரும்பக் கொண்டுவந்து கியூவில் அடுக்கினேன். அடுக்கி முடித்துவிட்டுத்தான், பழசு எது புதுசு எது என்று தேதி பார்த்தேன்.

எல்லாவற்றிலும் அன்றைய தேதி.

திரும்பத் திரும்பப் பார்த்தேன். ஒன்றில்கூடப் பழைய தேதி இல்லை. காப்பி அடித்துத் திரும்ப வைத்தால் மெஷின் வைத்த நாளையே தேதியாகப் போட்டுக்கொள்ளும் என்று எனக்கு யாரும் சொல்லித்தரவில்லை. சொல்லியிருந்தாலும் அதற்கும் சரி சார் என்றிருப்பேன். கொஞ்ச நேரம் குழம்பினேன். பிறகு நானாகவே ஒரு முடிவுக்கு வந்தேன். பழசு ஒன்றுமே இல்லை, எல்லாம் இன்றைய சரக்கு, ராகவன் சார் வேறு ஏதோ கம்பெனியை நினைத்துக்கொண்டு சொல்லியிருக்கிறார். காப்பியை அழித்து இடம் பண்ணினேன். டிஸ்க் முன்பு எப்படி நிரம்பியிருந்ததோ அப்படியேதான் இருந்தது. அதைப் பற்றி நான் யோசிக்கவில்லை. திரைக்கு விபூதிப் பட்டை, கீபோர்டுக்குச் சந்தனம், மோடத்துக்குக் குங்குமம் எல்லாம் வைத்து, மோடத்தை ஆன் செய்தேன். அன்று சாயங்காலம் வழக்கத்தைவிட வெகுநேரம் கிறீச்சிட்டது. குளிப்பாட்டிய சந்தோஷத்தில் கத்துகிறது என்று நினைத்தேன்.

மறுநாள் பூஜை. பொரி, சுண்டல், பூசணிக்காய். பூஜை போட்ட எதையும் விஜயதசமி காலை வரை தொடக்கூடாது என்பதால் கம்பெனியை மூடிவிட்டு எல்லோரும் வீட்டுக்குப் போனோம். மழை பிடித்துக்கொண்டது.

நாங்கள் பொரி தின்றுகொண்டிருந்த அதே நேரத்தில் மெட்ராஸ் தலைமை அலுவலகத்தில் என்ன நடந்தது என்பது பிற்பாடுதான் தெரிந்தது. அங்கே மெயிலைப் பேப்பரில் அச்சடித்து, வந்த தேதி முத்திரை குத்தி, அந்தந்தப் பிரிவுக்குக் கொடுப்பார்கள். உள்ளே எழுதிய தேதியை எவரும் பார்ப்பதில்லை, முத்திரைதான் கணக்கு. அன்று காலை எங்கள் கம்பெனியிலிருந்து வந்த கட்டு, வீட்டுக் காலண்டர் கனத்துக்கு இருந்ததாம். போர் வற்றிவிட்டது, தினம் மூன்று லோடு தண்ணீர் உடனே தேவை என்று ஒன்று. எனக்கு அம்மை போட்டிருக்கிறது, சில நாள் வரமாட்டேன் என்று சாமுவேல் சாரிடமிருந்து ஒன்று. எங்கள் போன் வேலை செய்யவில்லை, போன் செய்து நேரத்தை வீணாக்காமல் உடனே ஆவன செய்யவும் என்று ஒன்று. பாவம், அவர்களும் போன் செய்து கேட்காமல் உடனே ஆவன செய்துவிட்டார்கள்.

விஜயதசமி காலை. நல்ல நேரம் பார்த்து மெஷின்களை ஓட்ட ஆரம்பித்தோம். வெளியே கொட்டோ கொட்டென்று கொட்டுகிறது. செம்பரம்பாக்கம் ஏரி தளும்புகிறது என்று அந்தப் பக்கத்திலிருந்து வந்தவர்கள் சொன்னார்கள். கம்பெனி சம்ப் நிரம்பி, தொட்டி நிரம்பி, வாசலில் கணுக்கால் தண்ணீர். அந்த மழையில் ஹாரன் அடித்துக்கொண்டு மூன்று தண்ணீர் லாரிகள் கேட்டுக்குள் நுழைந்தன. முன்னால் வாழைக்கன்று, மாவிலைத் தோரணம், நெற்றிச் சந்தனம் மழையில் கரைந்து கண்ணாடி வரை ஒழுகியிருந்தது. முதல் லாரியிலிருந்து வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஏகாம்பரம் இறங்கினார்.

சாமுவேல் சார் குடையோடு ஓடிவந்தார். தண்ணீர் யாரும் கேட்கவில்லையே என்றார். நேற்று தலைமை அலுவலகத்திலிருந்து அவசரம் என்று போன் வந்தது என்றார் ஏகாம்பரம். நேற்றே வரச் சொன்னார்களாம், வண்டி பூஜையில் இருந்ததால் இன்று முதல் ட்ரிப்பே உங்களுக்குத்தான் என்று வாக்குக் கொடுத்தாராம்.

“இவ்ளோ மழைல தண்ணி இன்னாத்துக்குன்னு நானும் ரோசன பண்ணேன் சார். கம்பெனிக்காரங்க கேட்டா அதுல ஒரு காரணம் இருக்கும்னு வந்துட்டேன்.”

தயவுசெய்து திருப்பி எடுத்துக்கொண்டு போய்விடுங்கள் என்று சாமுவேல் சார் கெஞ்சினார். ஏகாம்பரம் முகம் மாறிவிட்டது. பூஜை போட்ட வண்டி, விஜயதசமி முதல் ட்ரிப், லோடோடு திரும்பினால் வருஷம் பூராவும் வண்டி சும்மா நிற்கும். அதற்கு மட்டும் சம்மதிக்கவே மாட்டேன் என்றார். சாமுவேல் சாரும் இரண்டு நாளாக மெஷினுக்குப் பொட்டு வைத்தவர்தானே, அந்த வார்த்தைக்கு எதிர்வார்த்தை சொல்ல அவருக்கு மனம் வரவில்லை. எங்கே இறக்குவது? சம்ப்பில் இடமில்லை, தொட்டியில் இடமில்லை. கடைசியில் முற்றத்திலேயே மூன்று வால்வையும் திறந்துவிட்டார்கள். ஷிப்ட் ஆட்கள் அத்தனை பேரும் ஷெட் வாசலில் நின்று, கொட்டுகிற மழையில் லாரித் தண்ணீரும் கொட்டுவதை வாயைத் திறந்துகொண்டு பார்த்தார்கள்.

எனக்கு மட்டும் பார்க்க நேரமில்லை. கம்பெனியிலேயே பள்ளமான இடத்தில் இருந்தது கம்ப்யூட்டர் அறை. கேபிள் போகிற கால்வாய் வழியாகத் தண்ணீர் குபுகுபுவென்று உள்ளே வந்தது. நாற்காலி மேல் ஏறினேன். தரையோரம் இருந்த மோடத்தை, ஒயரும் குங்குமமுமாக, எடுத்துத் தலையில் வைத்துக்கொண்டேன். மெஷின் மேஜை மேல் இருந்ததால் அது என்னைவிடப் பாதுகாப்பாக இருந்தது.

அந்த நேரம் பார்த்து ஜீப் ஒன்று வந்தது. ராகவன் சார். கையில் இளநீர்க் குலை, ஒரு கொத்து வேப்பிலை. சாமுவேல் சாரைப் பார்த்ததும் கைக்குட்டையால் மூக்கை மூடிக்கொண்டு பின்வாங்கினார். அம்மையோடு மழையில் நிற்கலாமா, உள்ளே போய்ப் படுங்கள் என்று தள்ளி நின்றே கத்தினார். யாருக்கு அம்மை என்று சாமுவேல் சார் இங்கிருந்து கத்தினார். ஏகாம்பரம் ஒன்றும் புரியாமல், எதற்கும் இருக்கட்டும் என்று துண்டை மூக்கில் வைத்துக்கொண்டார். ஜீப்பின் பின்சீட்டிலிருந்து, டிபன் பாக்ஸை மார்போடு அணைத்தபடி என் வயசுக்காரர் ஒருவர் இறங்கினார்.

இவர் யார் என்று சாமுவேல் சார் கேட்டார். நீங்கள் கேட்ட ஆள்தான் என்று ராகவன் சார் ஒரு பேப்பரை நீட்டினார். எல்லோரும் மழைக்கு ஒதுங்கி என் அறை வாசலுக்கே வந்துவிட்டார்கள். சாமுவேல் சார் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு வாய்விட்டுப் படித்தார்.

“புதிதாக அனுப்பிய ஆபரேட்டர் சரிப்படவில்லை. அவரைத் திரும்ப எடுத்துக்கொண்டு வேறு ஆளை உடனே அனுப்பவும்.”

அது யார் என்று கேட்கத் தேவையில்லை. வேலைக்குச் சேர்ந்த முதல் வாரத்தில், ஆளில்லாத அறையில் எதற்கு ஓட வேண்டும் என்று, ஓடிக்கொண்டிருந்த கம்ப்யூட்டரை ஃபேன் மாதிரி சுவிட்சை அணைத்துவிட்டு வீட்டுக்குப் போனவன் நான். கடுப்பில் சாமுவேல் சார் தானே இரண்டு விரலால் தட்டி எழுதிய மெஸேஜ் அது. லைன் செத்திருந்ததால் போகவில்லை. கோபமும் அதோடு ஆறிவிட்டது. ஐந்து மாதம் கழித்து, என் சீட்டைக் கிழிக்கச் சொல்லும் அந்த மெஸேஜை நானே துடைத்து, புதுத் தேதி போட்டு, மோடத்துக்குக் குங்குமம் வைத்து அனுப்பியிருக்கிறேன்.

எல்லோரும் நிமிர்ந்து என்னைப் பார்த்தார்கள். நாற்காலி மேல் நின்றிருந்தேன், தலையில் மோடம். இறங்கவும் முடியவில்லை, கீழே தண்ணீர். ஏகாம்பரம் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியமே வரவில்லை. வேலை போயிற்று, வசந்தா போயிற்று.

ராகவன் சாருக்கு ஏதோ உறைத்தது. பேப்பரை வாங்கி மேலே சின்ன எழுத்தில் இருந்த தேதியைப் பார்த்தார். மே மாதம். நான் சொன்னபடி செய்தாயா என்று கேட்டார். செய்தேன் சார், எல்லாவற்றையும் வெளியே எடுத்து, சுத்தம் பண்ணி, திரும்ப அடுக்கிவிட்டேன் என்றேன். அவர் கண்ணை மூடிக்கொண்டு சுவரில் சாய்ந்தார்.

என்னைக் காப்பாற்றும் எண்ணத்தில் ஏகாம்பரம்தான் முதலில் வாயைத் திறந்தார். வீட்டில் எல்லோரும் அப்படித்தானே செய்வார்கள், இதில் பையன் மேல் என்ன தப்பு என்று கேட்டார். சாமுவேல் சார் என்னையே பார்த்துக்கொண்டு சொன்னார்: “மே மாசத்துல எழுதினது நிஜம்தான். அப்புறம் நல்லாத்தான் வேலை பாத்தான், நானும் மறந்துட்டேன். ஆனா இன்னிக்கு உக்காந்து எழுதச் சொன்னா, திரும்ப இதையேதான் எழுதுவேன் போலிருக்கே.”

பிறகு புது ஆள் விஷயம். ராகவன் சார் அவரைத் திருப்பி அழைத்துப் போகத் தயாராகத்தான் இருந்தார். ஏகாம்பரம் விடவில்லை. வேலையில் சேர வந்த பிள்ளையை விஜயதசமி அன்று வாசலோடு திருப்பி அனுப்புவதா, லோடுக்கு ஒரு நியாயம் மனுஷனுக்கு ஒரு நியாயமா என்று கேட்டார். (என் பக்கம் பேசுகிறேன் என்று ஆரம்பித்த மனிதர், என் வேலையை இன்னொருவருக்கு வாங்கிக் கொடுத்துக்கொண்டிருந்தார்.) சாமுவேல் சார் ஒப்புக்கொண்டார். ஒரு ஆபரேட்டருக்குத்தான் இடம் என்பதால் அந்த இடம் டிபன் பாக்ஸ்காரருக்குப் போயிற்று. அவர் பேன்ட்டை முழங்கால் வரை சுருட்டிக்கொண்டு தண்ணீரில் இறங்கி வந்து, என் தலையிலிருந்த மோடத்தை மரியாதையாக வாங்கிக்கொண்டார். பதவி ஒப்படைப்பு அவ்வளவுதான்.

நான் அழுதுவிடுவேன் போலிருந்தது. சாமுவேல் சார் முற்றத்தில் நிற்கிற தண்ணீரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

“பம்ப் ஹவுஸ்ல ஒரு ஆள் வேணும். அங்க போயிடு. மாசக் கடைசில பர்மனென்ட் ஆர்டர் வாங்கித் தரேன். தண்ணிய மட்டும் பழசா புதுசான்னு யாரும் கேக்க மாட்டாங்க.”

அப்படித்தான் நான் கம்ப்யூட்டரை விட்டு பம்ப்புக்கு வந்தேன். ஓய்வு பெறுகிற வரை அங்கேதான். மோட்டாரைச் சுத்தம் செய்யச் சொன்னால் எல்லாவற்றையும் கழற்றி, துடைத்து, பழையபடி மாட்டுவேன். பம்ப் ஹவுஸில் அதற்கு நல்ல பெயர் கிடைத்தது.

ஏசி அறை மாப்பிள்ளை எண்ணெய்க் கை மாப்பிள்ளை ஆகிவிட்டானே, ஏகாம்பரம் பின்வாங்கிவிடுவார் என்று எங்கள் வீட்டில் எல்லோரும் பயந்தார்கள். அவர் ஐப்பசி முடிவதற்குள் தட்டோடு வந்தார். ஊரில் யாரோ அவரிடம் இதைக் கிளறிக் கேட்டிருக்கிறார்கள். அவர் சொன்ன பதிலை வசந்தா அப்படியே சொல்லுவாள்.

“பழசுன்னு ஒண்ணையாவது தூக்கிக் கடாசினானா பாரு. அல்லாத்தையும் தொடச்சி இருந்த எடத்துலயே வச்சிக்கீறான். அவன் கைல பொண்ணக் குடுத்தா வூட்ல பத்திரமா இருக்கும்.”

மாமனார் சொன்னது பொய்யாகவில்லை. இத்தனை வருஷத்தில் நாங்கள் இருவரும் எதையும் தூக்கிப் போடவில்லை. இன்றைக்கும் ரசத்தில் உப்பு கூட என்று நான் வாய் தவறிச் சொல்லிவிட்டால் போதும், வசந்தா ஆரம்பிப்பாள். கல்யாணத்தன்று நான் அவள் அக்காவைச் சரியாக விசாரிக்காதது, தலைதீபாவளிக்குப் புடவை நிறம் மாற்றி எடுத்தது, அவள் பிரசவத்துக்குப் போயிருந்தபோது ஒரு வாரம் பார்க்க வராமல் இருந்தது, ஒவ்வொன்றும் தூசி தட்டி, இன்று காலைதான் நடந்தது மாதிரி வரிசையாக வரும். நானும் சளைத்தவனில்லை, என்னிடமும் ஸ்டாக் உண்டு. அப்போதெல்லாம் எங்கள் மகள் டிவி சத்தத்தைக் குறைத்துவிட்டு, அவள் புருஷனைப் பார்த்துச் சொல்லுவாள்:

“எல்லாத்துக்கும் இன்னிக்குத் தேதி விழுந்துடுச்சுங்க. தாத்தா லாரி வர்றதுக்குள்ள வாங்க, நம்ம வூட்டுக்குப் போயிடலாம்.”